பழைய சேலையா, சிரட்டையா, செய்தித்தாளா, பால் கவரா?

செங்கோட்டையிலிருந்து புளியரை நோக்கிப் போகும் சாலையில், கேரள எல்லைக்குச் சற்று இப்பால் இருக்கிறது எங்கள் ஊர். இங்குள்ள மகளிர் குழுவில் நாங்கள் பதினொரு பேர். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அருவிக்கு வரும் வெளியூர்க்காரர்களால் கடைத்தெரு நிறையும் ஆனி மாதத்துக்கு முன்பாக, வீட்டில் வீணாகப் போகும் பொருட்களைக் கொண்டு ஏதேனும் கைவேலை செய்து விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று பங்குனியிலேயே பேசி முடித்துவிட்டோம். எந்தப் பொருளைக் கொண்டு செய்வது என்பதில்தான் ஒத்த கருத்து ஏற்படவில்லை. பிளாஸ்டிக் பாட்டில் என்றார் ஒருவர். செய்தித்தாள் என்றார் இன்னொருவர். தோப்பு வைத்திருப்பவர் சிரட்டை என்றார். என் மனம் பழைய சேலைகளின் பக்கம் இருந்தது. பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்பதால், இரண்டு மாதங்களாக இந்த நான்கிலும் கைவைத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தையும், அதையொட்டித் தெரிந்துகொண்ட செய்திகளையும் வைத்து, எந்தச் சூழ்நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எதைக் கொண்டு அளக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அழகு, செலவு, நேரம், விற்பனை ஆகிய எல்லாமே முக்கியந்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு கேள்விகளை வைக்கிறேன். நான் இந்தப் பொருளை எடுக்காமல் விட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும்? நான் செய்த பொருள் உடைந்தோ நைந்தோ போகும் நாளில் அது எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஒன்றை, யாரும் வாங்காத, எரிக்கவும் முடியாத, மட்கவும் மாட்டாத ஒன்றாக மாற்றி வைத்துவிட்டு, அதற்கு மறுசுழற்சி என்று பெயர் சூட்டுவது நியாயமாகாது. இந்த இரண்டு கேள்விகளுக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரின் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டுமே எங்களுக்கு உண்டு. மதுரையிலோ சிவகாசியிலோ ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் ஒரு பொருள் இங்கே ஒரே ஆடி மாதத்தில் பூத்துப் போகும்.

பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன், வீட்டுக் கழிவில் கைவினை என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் பெட் என்னும் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் பொறித்திருக்கும். பிளாஸ்டிக் வகைகளுக்குள் நம் நாட்டில் மிகுதியாகச் சேகரிக்கப்பட்டு மறுபடி பயனுக்கு வருவது இதுவே. துண்டாக்கி, கழுவி, உருக்கி, பாலியெஸ்டர் இழையாக்கித் துணி நெய்யும் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே ஒரு வெறும் பாட்டிலை நசுக்கிக் கடையில் போட்டால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதையே வெட்டி, பெயின்ட் அடித்து, பசை தடவி, ஜிகினா தூவிப் பேனாக்கூடு செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆறு மாதம் மேசையில் இருந்துவிட்டு அது குப்பைமேட்டுக்குப் போகிறது; கடைக்காரர் அதைத் தொடவும் மாட்டார்.

பாட்டிலைக் குறுக்கே வெட்டிப் பூந்தொட்டியாகத் தொங்கவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. அடியில் துளையிடாமல் தொங்கவிட்டால் அதில் தேங்கும் மழைநீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடமாகிவிடும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மெழுகுவர்த்திச் சுடரில் பாட்டில் துண்டைக் காட்டி, அது சுருங்கும்போது பூவிதழ்போல் வளைத்தெடுப்பது பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடர் பட்டுக் கருகும் பிளாஸ்டிக்கின் புகையை, அதுவும் சன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகளோடு உட்கார்ந்து, முகர வேண்டிய தேவை நமக்கு இல்லை. பாட்டில் கைவினையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பால் கவர் சற்று வேறு. அது 4 என்ற எண்ணுள்ள, இளகிய பாலித்தீன் வகை. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் இதையும் கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய்ப்பசையும் புளித்த வாடையும் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கவரைத் திறக்கும்போது மூலையை முழுவதுமாக வெட்டியெடுக்காமல், துண்டு கவரோடே ஒட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்குவது நல்லது. அந்தச் சிறு முக்கோணத் துண்டு தனியாகப் போனால் எந்தச் சேகரிப்பிலும் சிக்காமல் மண்ணில்தான் கிடக்கும். கவரைச் சுற்றுச்சுற்றாக நீளப் பட்டையாக வெட்டி, முறுக்கிக் கயிறாக்கி, கொக்கி ஊசியால் பின்னினால் கனமான பை கிடைக்கிறது. நான் ஒன்று பின்னினேன். நாற்பதுக்கு மேற்பட்ட கவர்கள் அதற்குத் தேவைப்பட்டன. சந்தைக்குத் தேங்காய் சுமக்கும் அளவுக்கு உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெயிலில் நாள்பட்டால் பாலித்தீன் நொறுங்கிப் பொடிப்பொடியாக உதிரும் என்பதால், அதை நிழலில் புழங்க வேண்டும். உதிரத் தொடங்குமுன் கழித்துவிடவும் வேண்டும்.

புனலூரில் வாக்கப்பட்டிருக்கும் என் தங்கையின் வீட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கேரளத்தில் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடுவீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு எடுத்துச் செல்கிறார்கள். அவள் பால் கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போது, அவற்றைக் கொண்டு பை பின்னச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போக வேண்டிய இடத்துக்கு அவை போகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பிளாஸ்டிக்கைக் கைவினைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணம் குறைவு.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே வெள்ளிபோல் மின்னும் பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பூ பாக்கெட் ஆகியவை பல படலங்களை ஒட்டிச் செய்தவை என்பதால், பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம், கடைக்காரரும் வாங்குவதில்லை. இவற்றைத் துடைத்து, நீளவாக்கில் மடித்து, பட்டைகளாக்கி, பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்கும் கோத்தால் கைப்பையும் சாப்பாட்டு மேசை விரிப்பும் செய்யலாம். யாருக்கும் வேண்டாத பொருள் என்பதால் இதில் நட்டம் ஏதுமில்லை. ஒயர் கூடையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிவன் கண், நெல்லிக்காய் என்று எத்தனை அழகான பின்னல் போட்டாலும், அதற்கு நாம் வாங்குவது புதுப் பிளாஸ்டிக் ஒயரைத்தான். ஆனால் கைப்பிடி அறுந்த பழைய ஒயர் கூடையைப் பிரித்து, நைந்த பகுதியைத் தள்ளிவிட்டு, மீந்த ஒயரில் சிறிய கூடையாகத் திரும்பப் போடுவது நல்ல மறுபயன்பாடு. அதை எங்கள் ஊர்ப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

அடுத்தது செய்தித்தாள். இதில் மூன்று வகை வேலைகள் உண்டு: பசை ஒட்டிப் பை செய்வது, ஈர்க்குச்சியிலோ சைக்கிள் கம்பியிலோ சுற்றிக் குழலாக்கிக் கூடை முடைவது, ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி வார்ப்பது. பை செய்வது எளிது. பத்து வயதுக் குழந்தையும் செய்யும். ஆனால் அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. எனவே மருந்துக் கடைக்கும் துணிக்கடைக்கும் மட்டுமே அந்தப் பைகளைக் கொடுக்க முடியும். வடைக்கோ பஜ்ஜிக்கோ கொடுக்கக் கூடாது. பசையை மைதாவிலும் காய்ச்சலாம், மரவள்ளிக் கிழங்கு மாவிலும் காய்ச்சலாம்; எங்கள் பக்கம் கிழங்குக்குப் பஞ்சமில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில் துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு. குழந்தைகள் கைவைக்கும் பசையில் அதைச் சேர்க்கக் கூடாது.

கூழ் வேலைக்கு நம் வீடுகளிலேயே பழைய மரபு இருக்கிறது. முறத்தின் இடுக்குகளில் மாவு ஒழுகாமல் இருக்க, காகிதக் கூழையும் வெந்தயத்தையும் சேர்த்தரைத்து அதன்மேல் மெழுகுவார்கள். அதே கலவையால் கூடையும் செய்வார்கள். என் ஆச்சியிடம் பார்த்த முறையை நினைவிலிருந்து எடுத்து நான் இப்படிச் செய்தேன்: ஒரு கிலோ செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நூறு கிராம் வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து, இரண்டையும் ஆட்டுரலில் அரைத்தேன். வெந்தயம் அரைபட அரைபட வழவழவென்று கோந்துபோல் இறங்கிக் காகித நாரை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் பசை ஒரு துளியும் வேண்டியதில்லை. கவிழ்த்து வைத்த குடத்தின்மேல் ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை விரல் கனத்துக்கு அப்பி, சித்திரை வெயிலில் ஐந்து நாள் காயவிட்டுக் கழற்றினால், தட்டும்போது கணீரென்று ஒலிக்கும் கூடை வந்துவிடுகிறது. மஞ்சள் தூள் சேர்த்தால் நிறமும் கிடைக்கும்.

இத்தனை இருந்தும் நான் காகிதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குச் சென்ற ஆண்டு ஆடி மாதமே காரணம். அப்போது செய்திருந்த ஒரு கூடையில் காய்ந்த மிளகாய் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். சாரல் விடாமல் பெய்த இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, கூடையின் உட்புறம் முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மிளகாயையும் கொட்ட வேண்டியதாயிற்று. வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாது என்பது உண்மைதான். வார்னிஷ் அடித்த காகிதத்தை யாரும் எடைக்கு எடுக்க மாட்டார்கள், அது எளிதில் மட்கவும் செய்யாது என்பதும் உண்மை. வறண்ட ஊர்க்காரர்களுக்குக் காகிதக் கூழ் நல்ல தேர்வு. கொலுப் பொம்மை செய்பவர்களுக்கு இன்னும் நல்லது. ஆண்டில் ஒன்பது நாள் வெளியே வந்துவிட்டு, மீதி நாளெல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் பொருள் அது.

சிரட்டை என்று நாங்கள் சொல்வதைத்தான் மற்ற மாவட்டங்களில் கொட்டாங்குச்சி என்கிறார்கள். முதலில் திருவிதாங்கூரின் பகுதியாகவும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்த ஊர் எங்களுடையது. மலையின் இரு பக்கமும் இந்தச் சொல் ஒன்றே. கேரளத்தில் சிரட்டையில் புட்டு அவிக்கிறார்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வடியும் மரத்தில் சிரட்டையைக் கட்டிவைக்கிறார்கள். மறுபயன்பாடு என்ற சொல் தோன்றுவதற்கு முன்பே மறுபயன்பாட்டில் இருந்த பொருள் அது. பிளாஸ்டிக் கரண்டி வருவதற்கு முன் எங்கள் அடுக்களைகளில் சிரட்டை அகப்பைதான் இருந்தது.

பொருளின் தன்மையைப் பார்த்தால் சிரட்டைக்கு ஈடு கிடையாது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது, பூச்சி அரிக்காது, கடைசியில் அடுப்புக்குப் போனாலும் மண்ணுக்குப் போனாலும் தீங்கில்லை. ஆனால் அதில் வேலை செய்வது எளிதன்று. தேங்காயை வழக்கம்போல் அரிவாளால் உடைத்தால் விளிம்பு கோணலாகப் போகும். சரிபாதியாக வேண்டுமென்றால் ஆக்சா பிளேடால் நடுவில் சுற்றி அறுக்க வேண்டும். பிறகு வெளிநாரை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, எண்பது எண் உப்புத்தாளில் தொடங்கி, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். கடைசித் தாளில் தேய்த்துத் தேங்காயெண்ணெயில் ஒரு துணியை நனைத்துத் துடைக்கும் நேரத்தில், அதுவரை சாம்பல் பூத்துக் கிடந்த சிரட்டை கருங்காலிபோல் கறுத்து மினுங்கும். உணவுக்குப் புழங்கும் பொருளுக்கு இந்த எண்ணெய்ப் பூச்சே போதும். வார்னிஷ் கூடவே கூடாது. தேய்க்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றிரவு இருமல் நிச்சயம். ஆஸ்துமா உள்ளவர்களையும் சிறு குழந்தைகளையும் இந்த வேலைக்கு அழைக்க வேண்டாம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சிரட்டைக்குக் கரி சுடுபவர்களிடம் எப்போதும் தேவை இருக்கிறது. அந்தக் கரியிலிருந்துதான் தண்ணீர் வடிகட்டிகளில் பயன்படும் கிளர்வுற்ற கரி செய்யப்படுகிறது. ஆகவே சிரட்டை யாருக்கும் வேண்டாத கழிவு அன்று. ஆயினும் பாட்டிலைப்போல நம் கைவேலை அதன் வழியை அடைப்பதில்லை. அகப்பை உடைந்த பிறகும் சிரட்டை சிரட்டைதான். கூடையில் சேர்த்துவைக்கும்போது கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் கொசு வளரும் என்பது ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இனி பழைய துணி. என் சாய்வு இதன் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வீட்டில் எந்தப் பொருள் மிகுதியாகத் தேங்குகிறது என்று எங்கள் பதினொரு வீடுகளிலும் பார்த்தோம். பாட்டில் கடைக்குப் போய்விடுகிறது, காகிதமும் போய்விடுகிறது, சிரட்டை அடுப்புக்குப் போகிறது. பீரோவிலும் பரணிலும் மூட்டை மூட்டையாக அப்படியே கிடப்பது துணி மட்டுந்தான். எடைக்குப் போடப் போனால் பழைய துணியை எடுப்பவர்கள் அரிது. பிச்சை போடுவதுபோல் யாரிடமாவது நீட்டினால் வாங்குபவர்களுக்கும் அது இழுக்கு. கடைசியில் சிலர் வாய்க்காலில் வீசிவிடுகிறார்கள். முன்னே கேட்ட முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எந்தப் பொருளுக்கும் கிடைக்கவில்லை.

துணியில் முதலில் பருத்தியையும் செயற்கை இழையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம் எரிவதுபோல் வாடை வீசிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான கறுத்த மணியாகத் திரளும். பருத்தி நீரை உறிஞ்சும் என்பதால் கால்மிதிக்கும் கரித்துணிக்கும் ஏற்றது. பாலியெஸ்டர் சேலையில் கால்மிதி செய்தால் கால் ஈரம் போகாது, சிமென்ட் தரையில் வழுக்கவும் செய்யும். அதைக் கயிறாகவும் பையாகவும் மாற்றலாம்.

ஒரு பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ நாற்பத்தைந்து அங்குல அகலமும் இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டுக்கொண்டு நீளவாக்கில் இழுத்தால் கத்தரிக்கோலே தேவையில்லை; நெடுக்கிழையைப் பிடித்துக்கொண்டு துணி தானே நேராகக் கிழிந்துகொண்டு போகும். அப்படி இருபத்திரண்டு பட்டைகள் வரும். பட்டைகளின் நுனியில் சிறு துளை வெட்டி ஒன்றில் ஒன்றைக் கோத்து இழுத்தால் தைக்காமலேயே இணைந்துவிடும். மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தலைமுடி பின்னுவதுபோல் பின்னினால் ஏறக்குறைய முப்பது மீட்டர் பின்னல் கிடைக்கிறது. அதைத் தரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் பக்கவாட்டில் தைத்துவந்தால் இரண்டடிக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள கால்மிதி ஆகிறது. அடியில் பழைய சைக்கிள் டியூபின் இரண்டு துண்டுகளைத் தைத்துவிட்டால் வழுக்காது. இந்த வேலைக்குப் பயிற்சியே தேவையில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. பின்னல் போடத் தெரியாத பெண் எங்கள் குழுவில் யார் இருக்கிறார்? சும்மாடு சுற்றத் தெரிந்த கை, பானைக்கு அடியில் வைக்கப் புரிமணை முறுக்கிய கை, இதற்குப் புதியது ஒன்றையும் கற்க வேண்டியதில்லை.

பின்னலின் வலிமைக்கு அண்டை மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2020-இல் பெருந்தொற்றுக்காலத்தில் பாதுகாப்பு உடை தைத்த இடங்களில் மலைமலையாகக் குவிந்த வெட்டுத்துணியை, ஊசியும் இல்லாமல் நூலும் இல்லாமல் பின்னியே படுக்கையாக்கும் முறையைக் கேரளத்தைச் சேர்ந்த லட்சுமி மேனன் பரப்பினார். அதற்கு முன், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேந்தமங்கலத்துக் கைத்தறிச் சேலைகள் சேற்றில் நனைந்து விற்க முடியாமல் போனபோது, அவரும் கோபிநாத் பாறயிலும் சேர்ந்து அவற்றைச் சேக்குட்டி என்னும் சிறு பொம்மைகளாக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய். ஆக ஒரு சேலைக்கு 9,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கேட்டதும் நாமும் பொம்மை செய்வோமே என்று எங்கள் குழுவில் ஒருவர் ஆவலோடு சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பொம்மையை வாங்கியவர்கள் வெள்ளத்தில் தறியை இழந்த நெசவாளர்களுக்குத் தோள்கொடுக்கவே வாங்கினார்கள். முந்நூற்றறுபது பொம்மைகளைச் செய்து தர ஏராளமான தன்னார்வலர்களும் வந்தார்கள். அந்தச் சூழல் இல்லாமல் பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டால் இருபத்தைந்து ரூபாயும் வராது. அந்த முயற்சியிடமிருந்து நாம் கற்க வேண்டியது துணியைச் சுத்தம் செய்வதில் காட்டிய கவனத்தை. விற்பனைக்குப் போகும் எந்தப் பழைய துணியையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, முழு வெயிலில் காயவைத்த பிறகே கிழிக்க வேண்டும்.

துணியில் ஒரு தடை இருக்கிறது. அது மனம் சார்ந்தது. எங்கள் குழுவில் மூத்தவரான பெரியம்மாவிடம் கால்மிதிக்குச் சேலை கேட்டேன். அவர் பரணிலிருந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவிவிட்டு, “ஏட்டி, இது எங்க அம்மை உடுத்துனது. இத மிதிக்கச் சொல்லுதியா?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறந்த குழந்தையை முதலில் கிடத்துவது ஆச்சியின் பழஞ்சேலையில். தொட்டில் கட்டுவது அதில். அந்த மென்மைக்கு நம் வீடுகளில் அவ்வளவு மதிப்பு உண்டு. அந்தச் சேலையை இரண்டாக மடித்து, நடுவில் பழைய வேட்டியைப் பரப்பி, ஓட்டுத்தையல் போட்டுப் பெரியம்மாவின் பேத்திக்கு ஒரு விரிப்பாகத் தைத்துக்கொடுத்தோம். அன்றிலிருந்து துணி கேட்கும்போதே, எதற்கு என்பதையும் சொல்லிக் கேட்கிறோம். கால்மிதிக்குச் சாரமும் (லுங்கி) நைட்டியும் போதும். சேலையெல்லாம் பைக்கும் விரிப்புக்கும்.

பைதான் துணியின் உண்மையான பலம் என்று கணக்குப் போட்டபோது தெரிந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. தேவை கண்ணெதிரே இருக்கிறது. ஒரு சேலையில் பதினான்கு அங்குல அகலமும் பதினாறு அங்குல உயரமும் உள்ள பைகள் பன்னிரண்டு வெட்டலாம். துணி மெலிந்திருந்தால் இரட்டையாக வைத்து ஆறு. கரை கெட்டியாக இருப்பதால் அதையே கைப்பிடியாக்கலாம். தையல் மிஷினில் ஒரு பைக்கு இருபது நிமிடம் ஆகிறது. கடைத்தெருவில் விசாரித்ததில் பைக்கு நாற்பது ரூபாய் வரை தரத் தயாராக இருக்கிறார்கள். கால்மிதிக்கு நூற்றைம்பது கிடைக்கும். ஆனால் அதற்கு ஏழு மணி நேரம் செலவாகிறது. ஆக, பையில் ஒரு மணி நேர உழைப்புக்கு நூற்றிருபது ரூபாயும், கால்மிதியில் இருபத்தோரு ரூபாய் சில்லறையும் வருகின்றன. சிரட்டை அகப்பைக்கு, மூங்கில் காம்பு பொருத்துவது உட்பட, இரண்டு மணி நேரம். விலை நூற்றிருபது, அதாவது மணிக்கு அறுபது. செய்தித்தாள் கூடை மணிக்கு முப்பதைத் தாண்டவில்லை. பால் கவர்ப் பையின் கணக்கை நான் போடவே இல்லை. கவர் கழுவிய நேரத்தைச் சேர்த்தால் மனம் சோர்ந்துபோகும்.

கார்த்திகையில் செங்கோட்டை வழியாக அச்சன்கோவிலுக்கும் சபரிமலைக்கும் போகும் பக்தர்களின் கூட்டத்தையும் நினைத்துப் பார்த்தோம். சபரிமலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், இருமுடிக்குள் அரிசி, மஞ்சள்பொடி வைக்கச் சிறு சுருக்குப்பைகள் விற்கும். ஆனால் உடுத்திக் களைந்த துணியை இருமுடிக்குள் வைக்க யாரும் ஒப்ப மாட்டார்கள். ஒப்பச் சொல்வதும் முறையன்று. அதற்குத் தையல் கடைகளில் விழும் புதுத்துணி வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். அவையும் குப்பைக்குப் போகிற பொருள்தான். ஆனால் யார் உடலிலும் பட்டவையல்ல.

இந்த முடிவு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தையல் மிஷின் இல்லாத வீட்டுக்குப் பை வேலை சுமையாகும். அங்கே பின்னல் விரிப்பே நல்லது. கோடை விடுமுறையில் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் காகிதக் கூழுக்கு நிகர் எதுவுமில்லை. விற்பனைக்கு வைக்காமல் விளையாட்டுக்குச் செய்தால் பூஞ்சையும் ஒரு பொருட்டன்று. தச்சுக் கருவிகள் பழகியவர், தனியாக வேலை செய்ய விரும்புபவர், தோப்புப் பக்கம் இருப்பவர், சிரட்டையை எடுத்துக்கொள்ளட்டும். பொறுமை உள்ளவருக்கு அது ஏமாற்றம் தராது. பள்ளியில் கண்காட்சி வைப்பவர்களிடம் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: பாட்டில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தெரிந்த ஒரு பள்ளியில் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் கடையில் புதுக் குளிர்பானம் வாங்கி, கொட்டிவிட்டு, பாட்டிலை எடுத்துச் சென்றதை நானே பார்த்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை குழுவில் முடிவு எழுதிக் கையெழுத்திட்டோம். எட்டுப் பேர் துணிப்பை. தோப்புக்கார மதினியும் அவர் மகளும் சிரட்டை அகப்பை. பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கல் என்பதால் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டை பின்னித் தருவார். வீட்டுக்கு இரண்டு பருத்திச் சேலை, ஒரு வேட்டி, கையில் அகப்படுகிற சாரமெல்லாம் என்று கேட்டிருக்கிறோம். திங்கள்கிழமை காலையில் என் வீட்டு முற்றத்தில் பெரிய வெந்நீர் அண்டாவை அடுப்பேற்றுகிறோம். விறகுக்குச் சிரட்டைத் துண்டுகள் இருக்கின்றன.